உள்குடித்தனம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மூன்று நாளாக மூடுபனி.
எதிரே தீவு இருக்கிறதா என்று
யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கணினிக்குள் இன்னொரு கணினி.
லினக்ஸ் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸ்.
அதற்குள் ஒரே ஒரு மென்பொருள்,
எழுதிய கம்பெனி மூடிப் பதினோரு வருஷம்.
இழுவலை கடலடியில் எப்படி வாய் திறக்கும் என்று
அது ஒன்றுதான் காட்டும்.

ஹானுஸின் வலை இடப்பக்கம் இழுக்கிறதாம்.
"தையல் சரி, கயிறு சரி, ரன்வா,
மீன் மட்டும் எங்கேயோ போகிறது."
வாய்ஸ் மெசேஜ் முழுக்கக் காற்று.
வியாழன் விடியலில் கிளம்புகிறார்கள்.

முதலில் கார்டின் உதவியே இல்லாமல்.
ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு மிதவையையும்
பிராசஸரே வரைந்தது,
கணக்குப்பிள்ளையைக் கோலம் போடச் சொன்னது மாதிரி.
தப்பில்லை. நாலு விநாடிக்கு ஒரு ஃபிரேம்.
மின்விசிறி படகு என்ஜினாக இரைய
வலை அசைந்தது என்று
எனக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு துபாஷியை வைத்தேன்.
உள்ளே இருப்பவன் கேட்பதை
வெளியே இருக்கும் கார்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் டிரைவர்.
பணிவு, வேகம், எல்லாம் உண்டு.
தெரியாத சொல் வந்தால் மட்டும் விழுங்கிவிடும்.
வலை வழுக்கிக்கொண்டு சுழன்றது.
கடலைக் காணோம்.
மிதவைகள் இருந்த இடத்தில் ஊதா முக்கோணங்கள்.
நீரோட்டம் இல்லாவிட்டால்
எந்த வலையும் ஒழுங்காகத்தான் விரியும்.

"கார்டைக் கூறு போடேன், ஆளுக்கொரு துண்டு"
என்றான் கோபன்ஹேகனிலிருந்து யோக்வான்.
என் கார்டு அந்த ரகம் இல்லை.
அந்த ரகத்தின் விலையையும் ஆண்டுச் சந்தாவையும் சொன்னான்.
படகுக்குப் புது வின்ச்சே வாங்கிவிடலாம்.

மிச்சம் இருந்தது ஒன்று.
முழுசாகக் கொடுத்துவிடுவது.

கோப்பில் இரண்டு வரி. கார்டின் எண்.
மாட்டோடு கயிறும் போவதுபோல
அதில் ஒட்டியிருந்த ஒலிச் சில்லும் சேர்ந்து போனது.
என்டர்.
திரை அணைந்தது.

வீட்டில் இருந்த ஒரே விளக்கைக்
குடித்தனக்காரனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு
வீட்டுக்காரி இருட்டில்.
பத்து விநாடி. பன்னிரண்டு.
ஹீட்டர் ஒருமுறை டக்கென்றது.

அதே திரையில் அவன் விழித்தான்.

கடல் வந்தது, அழுக்குப் பச்சையாக.
வலை வாய் திறந்தது,
கொட்டாவியை அடக்க முடியாதவன் மாதிரி மெதுவாக, பிறகு மொத்தமாக.
வேகத்தை மூன்று நாட்டிலிருந்து மூன்றரைக்கு ஏற்றினேன்.
அங்கேதான்.
இடது பலகை உள்ளே சாய,
வலப்பக்க அடிவிளிம்பு தரையை விட்டு
ஒரு முழம் எழும்பியது.
அந்த ஒரு முழத்தில்
எத்தனை காட் மீன் குனிந்து போயிருக்கும்!
இடது அடிக்கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.
எண்பது சென்டிமீட்டரில் விளிம்பு தரையில் உட்கார்ந்தது.
கைப்பேசியில் ஹானுஸுக்கு அடித்தேன்: இடது அடி, 80 குறை.

விருந்தாளியை அணைத்தேன். போனான்.
கார்டு திரும்பவில்லை.
கைப்பேசி வழியாக உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தால்
பெயர் இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை.
கறுத்த கண்ணாடியில் என் மேஜை விளக்கு,
ஆறிப்போன காபி,
ஜன்னலுக்கு அப்பால் படகுத்துறையின் ஒரு சிவப்புப் புள்ளி.
மொத்த வீட்டையும் இடித்துக் கட்டினால்தான் இனி வெளிச்சம்.
பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்
நாலு விநாடி.

வீடு எழுந்து, கடவுச்சொல் கேட்டு,
என் வால்பேப்பர் வந்து நிற்கும்போது
ஹானுஸின் பதில்:
"எண்பது என்பது கயிறு காய்ந்த அளவா, நனைந்த அளவா?"

மணி ஒன்று நாற்பது.
யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.
கோப்பைத் திறந்து
அந்த இரண்டு வரியை மறுபடி எழுதினேன்.